கோமளாவுக்குப் பின் ஜன்னல்

பண்ருட்டிக்குக் கிழக்கே, முந்திரிக்காடு முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் பொம்மைக்காரத் தெருவில் ஒரு விமானத்தின் நிழல் வந்து படுத்துக்கொண்டது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். ஆனால் அந்த விமானத்துக்குக் கண் வைத்தது யார் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பேரைத்தான் சொல்வார்கள், தவமணி என்று, அதுவும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

தவமணி கொலு பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள். புருஷன் வீட்டில் ஒத்துப்போகாமல் பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்த மறுவருஷமே தம்பி மனைவி கோமளா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட, தம்பி ஞானவேல் அழுது முடித்த கையோடு ஷார்ஜாவுக்குப் பிழைக்கப் போய்விட, இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்ட கைக்குழந்தையை இறக்கி வைக்க நேரமில்லாமல் அப்படியே எட்டு வயது வரை வளர்த்துவிட்டவள். அந்தக் குழந்தை தர்ஷிகா. வாய் என்று பார்த்தால் அத்தைக்கே அத்தை.

லீவில் ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் ஞானவேல் மகளுக்கு ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பியிருந்தான். திறந்து பார்த்தால், வெள்ளை பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கையும் வாலும் சக்கரமும் முருங்கைக்காய் மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கின. வெட்டி எடுத்து ஒட்டி வர்ணம் பூசினால் ஒரு முழ நீளத்துக்கு நிஜ விமானம் போலவே வரும் என்று பெட்டிமேல் இருந்த படம் சொன்னது. "இதே மாதிரி ஏரோப்ளேன்லதான்டா செல்லம் அப்பா வரப்போறேன். நீ செஞ்சு முடி, நான் வந்து எறங்கறேன்" என்று போனில் சொல்லிவைத்தான். எட்டு வயதுக் குழந்தையிடம் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாத பேச்சு அது. அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் பட்டறைக் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவார்கள். செய்முறைத் தாள் எந்த நாட்டுப் பாஷையிலோ இருந்தது. தவமணி அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் போட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த பொம்மை முறையிலேயே விமானம் செய்தாள். உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, நூல் சுற்றி இறுக்கி, இடைவெளியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்புத் தூளும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் அடிப்பூச்சாகப் பூசுகிற அதே வெள்ளையைப் பூசினாள்.

"வயித்துல கிருஷ்ணர் நீலம் வேணாம் அத்த. படத்துல சாம்பல் கலர்தான் இருக்குது."

"சாம்பல் கலர்ல யாருடி வர்ணம் பூசுவாங்க? பாக்கறதுக்குக் குளுமையா இருக்கட்டும்."

"இது பொம்ம இல்ல. மாடல்."

"சரிங்க டீச்சர்" என்றாள் தவமணி. நீலம்தான் பூசினாள்.

ஜன்னல்களுக்கென்று பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. தண்ணீரில் நனைத்து உரிக்கவேண்டியதை தர்ஷிகா சுடுதண்ணீரில் போட்டு மறந்துபோனாள்; அது சுருண்டு திரிதிரியாகிவிட்டது. குழந்தை அழுத அழுகை தாங்காமல் தவமணி ஓர் ஈர்க்குச்சியின் முனையை மழுக்கி, கறுப்பு மையில் தொட்டு, உடம்பு நெடுக ஜன்னல் ஜன்னலாக ஒற்றி வைத்தாள். ஒற்றி வைத்த ஜன்னல்தான், ஓட்டை போட்ட ஜன்னல் இல்லை. பின்னால் யாரும் என்னைக் கேட்கக்கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தெருவில் எந்தப் பொம்மைக்கும் கண் கடைசியில்தான். கண் வைக்கிறவர் பொம்மைக்கு நேர் எதிரே உட்காரமாட்டார். பக்கவாட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துத்தான் வைப்பார். வைத்து முடித்ததும் பொம்மை முதலில் அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதைப் பார்க்கலாம். கோயிலுக்குப் போகிற சாமிக்கு இது பெரிய சடங்கு, கடைக்குப் போகிற பொம்மைக்கு ஒரு நொடிப் பழக்கம். வர்ணம் முடிந்தால் கை தானாகக் கண்ணாடியைத் தேடும். காற்றுக்குத் தூசி படியும் என்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அன்றைக்கும் தவமணியின் கை தேடியது. விமானத்துக்கு எதற்குக் கண் என்று புத்தி கேட்பதற்குள், பைலட்டுக்கென்று மூக்குக்குமேல் விட்டிருந்த இரண்டு கட்டங்களில் இரண்டு கருவிழி வைத்து முடித்துவிட்டது அந்தக் கை.

கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தவள் தர்ஷிகா. இரண்டாவது கருவிழியிலிருந்து தூரிகையை எடுத்த நொடியில் உள்ளே போன் அடிக்க, "அப்பா!" என்று கத்திக்கொண்டு குழந்தை கண்ணாடியோடு ஓடிவிட்டாள். கண்ணாடி இருந்த இடத்தில் இப்போது சுவர் இருந்தது, சுவரில் பிளாஸ்டிக் சந்தன மாலை போட்ட கோமளாவின் படம் இருந்தது. ஆக, அது கண் திறந்து முதன்முதலாகப் பார்த்தது செத்துப்போன கோமளாவை. தவமணி சட்டென்று அதன் மூக்கை வேறு பக்கம் திருப்பினாள். பிளாஸ்டிக்தானே, அதற்கு என்ன தெரியப்போகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு, காயட்டும் என்று விமானத்தை எடுத்துப்போய் மதில்சுவர்மேல் வைத்தாள்.

சாய்ந்த வெயிலில் அதன் நிழல் தெருவில் விழுந்தது. முழ நீள விமானத்துக்கு முழ நீள நிழல் விழவேண்டும். விழுந்ததோ தெரு நீள நிழல். மூக்கு தண்ணீர்த் தொட்டியடியில், வால் ரேஷன் கடை வாசலில், இறக்கைகள் இரண்டும் இந்த வரிசைக் கூரைகளிலும் அந்த வரிசைக் கூரைகளிலும் ஏறி மடிந்து கொல்லைப் பக்கம் இறங்கியிருந்தன. நடுவில் நீண்டு கிடந்த உடம்பில், ஈர்க்குச்சியால் ஒற்றின ஜன்னல்கள் ஒவ்வொன்றும் தாம்பாள அளவுக்கு வெளிச்சமாக விழுந்து வரிசை கட்டி நின்றன.

யாரும் அலறவில்லை. எதிர்வீட்டு பவுனம்மாதான் முதலில் வெளியே வந்தவள். காயப்போட்டிருந்த பச்சைமண் பொம்மைகள் நிழலில் கிடப்பதைப் பார்த்து, "இதென்னாடி அக்கிரமம், இருக்கிற வெயிலையும் மறைக்குது!" என்று வைதுவிட்டு, பொம்மைகளைப் பலகையோடு தூக்கி நிழலுக்கு வெளியே வைத்தாள். அந்த அதிசயத்துக்குத் தெரு செய்த முதல் மரியாதை அதுதான்.

மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. விமானத்தை உள்ளே கொண்டுபோய்ப் பீரோவில் வைத்தாலும் வந்தது, மேகம் மூடிக்கொண்டு எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லாத சாயங்காலங்களிலும் அது மட்டும் தவறாமல் வந்து படுத்தது, விளக்கு வைக்கும்வரை கிடந்துவிட்டுப் போனது. அதற்குள் நடந்தால் பாதத்தில் குளிர் ஏறும், காது அடைத்துக்கொள்ளும், எச்சில் விழுங்கினால்தான் திறக்கும். நாய்கள் சுற்றிக்கொண்டு போயின. மனிதர்கள் சுற்றிப் போகவில்லை. வேலை கெடக்கூடாது என்று பொம்மைகளைக் காலையிலேயே காயவைக்கப் பழகினார்கள். கூடை பின்னுகிறவர்கள் குளுமைக்காக இறக்கையடியில் வந்து உட்கார்ந்தார்கள். டீக்கடை காசிலிங்கம் இரண்டு பெஞ்சுகளை வால் பக்கம் நகர்த்திப் போட்டு வியாபாரத்தைப் பெருக்கிக்கொண்டார்.

அப்புறம் ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன.

முதலில் தெரிந்தது கோமளா. முகம் தெரியாது, நிழல்தானே; ஆனால் கொண்டையை இடப்பக்கமாகச் செருகி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து உட்காருகிற அந்த மாதிரியை தவமணி எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவாள். "அத்த, அது யாரு?" என்று கேட்ட குழந்தையிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒங்கம்மா" என்றாள். தர்ஷிகா போய் அந்த வெளிச்ச வட்டத்துக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகத் தலைகள் வந்தன. விபத்தில் போனவர், பிரசவத்தில் போனவள், தூக்கு மாட்டிக்கொண்ட அண்ணன், நெஞ்சுவலிக்காரர். அவரவர் வீட்டார் அவரவர் ஜன்னலைக் கண்டுபிடித்து முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு டம்ளர் காப்பியை வைத்துவிட்டுக் கதை பேசினார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றிச் செத்துப்போன புருஷனிடம் குறைப்பட்டுக்கொண்டாள் ஒருத்தி. சுருட்டைமுடித் தலை ஒன்று எங்கள் மாமா என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டிப் புரண்டு, கடைசியில் ஒற்றைப்படை நாள் ஒருவருக்கு, இரட்டைப்படை நாள் இன்னொருவருக்கு என்று முடிவானது. ஜன்னல்மேல் வண்டி நிறுத்தக்கூடாது என்பது யாரும் சொல்லாமலே சட்டமானது. தலைகள் எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாம் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தன, பஸ்ஸுக்குள் உட்கார்ந்து டிரைவர் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் மாதிரி.

ஒருநாள் பவுனம்மா ஒரு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். "பாரேன், நம்ம திருமுருகன் மாதிரியே இருக்குது!" திருமுருகன் அவள் மகன், பஹ்ரைனில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், அன்று காலையில்கூடப் போனில் பேசினவன். அவள் மகனிடமே அதைச் சொல்ல, அவனும் சிரித்தான். அந்த வாரமே சேதி வந்தது. பவுனம்மா தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழுதாள், தெருவே அழுதது, காரியம் முடிந்தது, முடிந்த மறுநாள் அவளும் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு மகனுடைய ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தெரு அதையும் விழுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவர்கள் சாயங்காலமானால் ஜன்னல் ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார்கள், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி. தெரிந்த தலை இல்லையென்றால் வீட்டுக்குப் போய் அடுப்பு பற்றவைப்பார்கள்.

ஜன்னல்கள் நிறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. கோமளாவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல்.

"ஷேர் ஆட்டோவே ஆள் ரொம்பினாத்தான் எடுக்கறான்" என்றார் காசிலிங்கம், டீயை ஆற்றிக்கொண்டே. "இதுவும் அது மாதிரிதான். இன்னும் ஒரு ஆளு."

தவமணி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் தர்ஷிகாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அம்மாவுக்குப் பின்னாடி சீட்டு காலியா இருக்குது பாரு அத்த. அது அப்பாவுக்கு. அப்பா வந்து ஒக்காந்துட்டா ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கி வந்துடுவாங்க."

"அப்பிடிச் சொல்லாதடி."

"அப்பாதான் சொன்னாரு, செஞ்சு முடிச்சா வந்து எறங்கறேன்னு. நாமதான் செஞ்சு முடிச்சிட்டோமே?"

அதே வாரத்தில் ஞானவேல் கூப்பிட்டு, லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறேன் என்றான். குழந்தை குதித்த குதியில் கட்டில் கால் ஆடியது. தவமணி போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

"தம்பி, இப்ப வராத. கொஞ்ச நாள் தள்ளிப் போடு."

"என்னாக்கா பேசற? இத்தினி வருசமா வா வான்னு உயிர எடுத்துட்டு, டிக்கெட் போட்டதும் வராதன்ற? ஊட்ல எதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பறம் என்னா? எம் பொண்ணப் பாக்கணும்க்கா எனக்கு. போன தர்ஷிகிட்ட குடு."

தவமணி சும்மா இருக்கவில்லை. பீரோவிலிருந்து விமானத்தை எடுத்து அந்த ஒரு ஜன்னல்மேல் வெள்ளை பூசி மறைத்தாள். தெருவில் அந்த வட்டம் முன்னைவிடப் பளிச்சென்று, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆனதுதான் மிச்சம். விமானத்தையே கெடிலம் ஆற்றில் போட்டுவிடலாம் என்று முந்தானையில் மறைத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனைக்குப் போவதற்குள் முக்காலிக்காரர்கள் எல்லோரும் எழுந்து வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"கண்ணு தொறந்தத அழிக்கலாமா தவமணி?" என்றாள் பவுனம்மா. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகச் சொன்னாள். "ஒன் பொம்மன்னு நெனச்சிக்காத. எம் புள்ள ஒக்காந்திருக்கான் அதுல."

தவமணிக்கு அதற்குமேல் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் காலி ஜன்னலில் புகை மாதிரி ஏதோ திரண்டது. தலைகள் அப்படித்தான் வரும், முதலில் கலங்கல், பிறகு உருவம். கலங்கலின் ஓரத்தில் ஒரு காது எட்டிப் பார்த்தது. ஞானவேலுக்கு இடது காது வெளியே தள்ளியிருக்கும். அவனைக் கிள்ளாமல் அதைப் பிடித்துத் திருகியே வளர்த்தவள் தவமணி. "அப்பா வர்றாரு! அப்பா வர்றாரு!" என்று தர்ஷிகா கைதட்டினாள்.

தவமணி வாசற்படியிலிருந்து ஓடினாள். பஸ்ஸில் இடம் பிடிக்கிற ஞாபகமோ என்னவோ, தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த வட்டத்தின்மேல் வீசிப் போட்டாள். துண்டுக்கு மேலேயும் காது வளர்ந்தது. துண்டை இழுத்து எறிந்துவிட்டுத் தானே ரோட்டில் உட்கார்ந்தாள். தன் தலையின் நிழல் அந்த வெளிச்சத்துக்குள் சரியாக விழும்படி முதுகை நிமிர்த்தி, முன்னால் இருக்கும் கோமளாவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கலங்கல் அவள் நிழலைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிடரியில் குளிர் ஏறியது, காது அடைத்தது. அவள் அசையவில்லை.

"அத்த, எழுந்திரு! அது அப்பா சீட்டு!" குழந்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் குத்தினாள், தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். "நீ ஏன் ஒக்கார்ற? ஒன்ன யாரு கூப்ட்டா? எழுந்திரு!"

கலங்கல் மெல்லக் கரைந்து போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் தவமணி கையை ஊன்றி எழுந்தாள். அவள் எழுந்தாள், ஜன்னலில் இருந்த அவள் தலை எழவில்லை. முக்காலிகளில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள்.

அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, ஏர்போர்ட்ல நிக்கறன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சி. கடைசி நேரத்துல எஞ் சீட்டு இல்லன்றாங்க. அந்த எடத்துல யாரோ லேடீஸ் பேரு ஏறியிருக்குதாம். எங்கருந்துதான் வர்றாங்களோ! ஞாயித்துக்கெழம வர்ற மாதிரி மாத்திக் குடுத்திருக்காங்க."

"சரிடா தம்பி" என்றாள் தவமணி. "பொறுமையா வா." போனை வைத்துவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தம்பி பிழைத்துவிட்டான் என்கிற சந்தோஷம் அவள் உடம்புக்குள் நிற்க இடமில்லாமல் முட்டியது. அதற்குப் பின்னாலேயே தன்னைப் பற்றின பயமும் வந்தது. அவளுக்குச் சாக ஆசையில்லை. நவராத்திரிக்கு இன்னும் ஒரு கொட்டகை நிறையப் பொம்மை பாக்கியிருந்தது.

தர்ஷிகா வெள்ளிக்கிழமை முழுக்க அவளோடு பேசவில்லை. சனிக்கிழமை குழாயடியில் கை கழுவும்போது குனிந்து தரையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்த, ஒன் நிழலுக்குத் தலயே இல்ல."

"அங்க ஒக்காந்திருக்குதுல்ல."

குழந்தைக்குத் திருமுருகன் கதை தெரியும். அந்தத் தெருவில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும்.

"நீ செத்துப் போயிடுவியா?"

"ஒங்கப்பன் வரட்டும், பாத்துக்கலாம்."

"நான் அந்த ஜன்னல சொரண்டி எடுத்துடறேன். இப்பவே எடுத்துடறேன்." அவள் உள்ளே ஓடி பீரோவைத் திறக்க, தவமணி பின்னாலேயே போய் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் கண்ணு. நான் எழுந்தா வேற யாராவது ஒக்காருவாங்க. யாருன்னு ஒனக்கே தெரியும்." தர்ஷிகா அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அப்பா வேண்டும் என்றும் சொல்லாமல் அத்தை வேண்டும் என்றும் சொல்லாமல், வெறுமனே அழுதாள். வெகுநேரம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. ஆள் ரொம்பிவிட்டது, ஞானவேல் வந்து இறங்கியதும் இது கிளம்பிவிடும் என்று எல்லோருக்கும் தோன்றியிருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் அவரவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போகிறவர்கள் போல ஆளுக்கொரு பொட்டலம் வைத்திருந்தார்கள். பவுனம்மா மகனுக்கு ஒரு டம்ளர் காப்பி வைத்தாள். பக்கத்தில் இன்னொரு டம்ளரைக் கோமளாவுக்குப் பின் ஜன்னலில் வைத்துவிட்டு, தவமணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் தோளை மட்டும் ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

தவமணி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் ஒரு கார் வந்து நின்றது. ஞானவேல் இறங்கினான், தலை நரைத்து, தொப்பை போட்டு, அதே காதோடு. டிரைவர் டிக்கியைத் திறப்பதற்குள் தர்ஷிகா ஓடிப்போய் அவன்மேல் விழுந்தாள். அவன் பெட்டியை விட்டுவிட்டு மகளைத் தூக்கினான். தவமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முக்காலியிலிருந்து பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், தெருவுக்கு ஓரங்கள் உருண்டிருப்பதைக் கவனிக்கிறவரை. தெரு ஒரு முட்டை வடிவ ஜன்னலுக்குள் இருந்தது. அதில் ஞானவேல் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு "அக்கா! அக்கா எங்க?" என்று தேடினான், சத்தம் மட்டும் கேட்கவில்லை. முக்காலியைச் சுற்றி ஆட்கள் ஓடிக் கூடினார்கள். தர்ஷிகா ஒருத்திதான் அங்கே ஓடவில்லை. அப்பனின் தோளிலிருந்து நேராக இந்த ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தெரு பின்னால் நகர்ந்தது. வேகமாக நகர்ந்தது. பொம்மைக் கொட்டகைகளும் கூரைகளும் முந்திரிக்காடும் சரிந்து கீழே போயின, குழந்தையின் கை ஒரு புள்ளியாகி மறைந்தது.

முன் இருக்கையில் இருந்தவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டே மெதுவாகத் திரும்பினாள்.

"அண்ணி, பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டாள் கோமளா.

"இன்னும் இல்ல" என்றாள் தவமணி. "அவ அப்பன் வந்துட்டான். அவன் பாத்துப்பான்."